அடிவரி

தங்கச்சிமடத்தில் இரவு பதினொன்றுக்கு மேல்தான்
சிக்னல் கொஞ்சம் இரங்கும்.
அப்போது நிரலை ஓட விடுவேன்.
அது ஒரு கட்சியின் முகப்பில் இறங்கி
எந்தச் சுட்டி எங்கே போகிறதென்று
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்து
எக்செல் தாளில் எழுதிவைக்கும்.
யார் யாரைக் காட்டுகிறார்கள்,
யார் யாரைக் காட்டவே இல்லை.
அவ்வளவுதான் ஆய்வு.

வலை என்ற சொல்லை வைத்து
இங்கே நான் விளையாடப் போவதில்லை.
கிழிந்த இடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு
அதைப் பேசுகிறவர்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

பதினோரு கட்சிகள், இருநூற்றுப் பதினான்கு தளங்கள்.
ஒன்றியக் கிளை, மீனவர் அணி,
யாரோ ஒருவரின் பிறந்தநாளோடு
நின்றுபோன மகளிர் அணி.
புள்ளிகளுக்கு நிறம் கொடுக்க உட்கார்ந்தேன்.
மிச்சமாய் ஒரு நிறம்கூட இல்லை,
எல்லாவற்றையும் கொடியாக்கிவிட்டார்கள்.
சாம்பலில் பதினோரு வகை கலந்துகொண்டேன்.

படம் விரிந்தது.
மேடையில் ஒரே ஆளுயர மாலைக்குள்
கழுத்தை நீட்டியவர்கள்
தளத்தில் ஒருவரையொருவர் சுட்டவே இல்லை.
கூட்டணி ஒலிபெருக்கிக்கு மட்டும் போல.
ஆனால் நடுவில் ஒரு புள்ளி,
உருண்டு, பெருத்து.
பதினோரு கட்சியும் அதைக் காட்டின.
அது யாரையும் காட்டவில்லை.

மதுரையில் என் வழிகாட்டி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘மறைந்திருக்கும் அதிகார மையம்’ என்று
பென்சிலால் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

அதிகார மையத்தைத் தேடிக்
கீழக்கரைக்குப் பஸ் ஏறினேன்.
ஜெராக்ஸ் கடைக்கு மேலே மரப்படி.
‘சீனி கிராஃபிக்ஸ்:
நிக்காஹ் அட்டை, ஃபிளெக்ஸ், வெப்சைட்.’
ஒரே கம்ப்யூட்டர், அதன் மேல் ஈரத் துவாலை.
எல்லாத் தளத்தின் அடிவரியிலும்
வடிவமைப்பு என்று தன் கடைப் பெயரைப்
பொடி எழுத்தில் போட்டுவைத்த
சீனி இப்ராகிம் எழுந்து
மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

“எல்லாத்துக்கும் ஒரே அச்சுதாம்மா.
கொடியையும் தலைவர் போட்டோவையும் மாத்துனாப் போதும்.
ஒருதடவ மாத்த மறந்து
இவங்க பொங்கல் வாழ்த்துல
அவங்க தலைவர் சிரிச்சுட்டாரு.
மூணு நாளு.
ஒருத்தரும் பாக்கல.”

பாக்கி நோட்டைப் பிரித்தார்.
என் படத்தின் பதினோரு பெயர்களும் அதில் இருந்தன.
எங்கே கோடு தடிப்போ அங்கே தொகை பெரிது.
ஒரு வருடமாய் நான் வரைந்ததெல்லாம்
அவருக்கு வரவேண்டிய பணம்.

தொதல் கொடுத்தார். விரலெல்லாம் எண்ணெய்.

பன்னிரண்டாவதாய் ஒரு பெயர்,
தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.
“அது போட்டுக்காரங்க சங்கம்.
போனவங்க, திரும்பாதவங்க பட்டியல்.
அதுக்கு எப்படி வாங்குறது?”

என் நிரல் அந்தப் பக்கத்தைக் கண்டதே இல்லை.
ஒரு கட்சியும் சுட்டாத இடத்துக்கு
அதற்கு வழி தெரியாது.
அச்சுப் பிழையான நிக்காஹ் அட்டையின் பின்புறம்
முகவரியைக் கையால் எழுதித் தந்தார்.

இரவு, கச்சான் காற்றில் கரண்ட் போய் வந்தது.
எழுத்தெழுத்தாய்த் தட்டினேன்.
பெயர். படகு எண். டோக்கன் வாங்கிய தேதி.
வடகடலா, தென்கடலா.
அடிவரியில் கடைப் பெயர் இல்லை.
‘மனு கொடுத்த இடங்கள்’ என்ற தலைப்பின் கீழே
அகர வரிசையில்
பதினோரு கட்சிக்கும் சுட்டி.
நான்கைத் திறந்தேன்.
‘பக்கம் கிடைக்கவில்லை’ என்றது மூன்று.
ஒன்றில் தலைவர் கும்பிட்டார்.

எக்செல் தாளில் இருநூற்றுப் பதினைந்தாம் வரிசை.
உள்ளே வருவது: பூஜ்ஜியம்.
வெளியே போவது: பதினொன்று.
நிறம் என்ன என்று கேட்டு
நின்றுகொண்டிருக்கிறது நிரல்.
மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்.
மோட்டாரை அணைக்க எழுந்தேன்.